“அக்கா, கிட் உடைஞ்சிட்டுது”: புதியவர்களின் கோட் ரிவியூவில் வரும் பழுதுகளும் திருத்தமும்

வெள்ளவத்தையில் ஒரு மாடியறையில் சனிக்கிழமைகளில் உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு கிட்டும் (கோப்புகளில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) கோட் ரிவியூவும் (ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துக் கருத்துச் சொல்வது) சொல்லிக்கொடுக்கிறேன். நாலு பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு ரெப்போ, அதாவது கிட் பார்த்துக்கொள்ளும் ஒரு பொதுக் கோப்புறை. பயிற்சிக்கு எடுத்த வேலை எல்லோருக்கும் தெரிந்த 100ஆம் இலக்க பஸ். புறக்கோட்டையிலிருந்து பாணந்துறை வரைக்கும் உள்ள தரிப்பிடங்களைக் காட்டும் ஒரு சின்ன இணையப் பக்கம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு அணியிலும் அதே பழுதுகள் கிட்டத்தட்ட அதே கிழமையில் வருகின்றன. மூன்றாம் கிழமை புஷ் (செய்த வேலையை இணையத்திலுள்ள ரெப்போவுக்கு அனுப்புவது) போகாது. நாலாம் கிழமை கொன்ஃபிளிக்ட், அதாவது இருவர் ஒரே இடத்தை வெவ்வேறு விதமாக மாற்றிய மோதல். ஐந்தாம் கிழமை எல்லோரும் ஒருவருக்கொருவர் “ஓகே” என்று எழுதிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள். முதல் இரண்டையும் கணினி தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவதை நாங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

வகுப்பு எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளை என்ன சொல்லிக்கொண்டு வருகிறதோ அந்தத் தலைப்பைப் பாருங்கள். காசும் நேரமும் குறைவாகப் போகும் காரணம் முதலில் இருக்கும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

எந்தத் தலைப்புக்குப் போவதற்கு முன்னும் மூன்று விஷயம். கீபோர்டைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்காதீர்கள். “கிட் ஸ்டேட்டஸ்” கொடுக்கச் சொல்லி, வருவதைப் பிள்ளையே உரத்து வாசிக்கட்டும். என் வகுப்பில் பாதிப் பழுது அந்த வாசிப்போடு தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கிட் அந்த இடத்திலேயே எழுதியிருக்கும். மூன்றாவது: “கோப்புறையை அழிச்சுப்போட்டுத் திரும்ப கிளோன் பண்ணட்டா?” என்று கேட்டால் (கிளோன் என்பது இணையத்திலிருந்து முழுப் பிரதியை இறக்குவது) வேண்டாம் என்று சொல்லுங்கள். கொமிட் பண்ணாத, அதாவது கிட்டில் இன்னும் பதியாத வேலை அதோடு போய்விடும்.

## “புஷ் போகுதில்லை”

இது ஒரு பழுது அல்ல, ஐந்தாறு பழுதுகளின் பொதுப் பெயர். திரையில் கடைசியாக வந்த இரண்டு வரியை வைத்துப் பிரியுங்கள்.

### கடவுச்சொல் சரி, ஆனால் “ஓதென்டிகேஷன் ஃபெயில்ட்”

பிள்ளை, ரெப்போக்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் இணையத்தளத்தில் பாவிக்கும் கடவுச்சொல்லையே டேர்மினலிலும் (கட்டளை தட்டும் திரை) கொடுத்திருக்கும். 2021 ஆகஸ்ட் 13இலிருந்து கிட்ஹப் அதை ஏற்பதில்லை. பழைய யூடியூப் பாடங்களைப் பார்த்துப் படித்தவர்கள் எல்லோரும் இதில் ஒரு தடவை மாட்டுவார்கள். விண்டோஸில் கிட்டைப் புதிதாக நிறுவினால் உள்நுழைவைப் பார்த்துக்கொள்ளும் கிரெடென்ஷியல் மனேஜர் என்ற கருவி கூடவே வரும். அது உலாவியைத் திறந்து உள்நுழையக் கேட்கும். அப்படித் திறக்கவில்லை என்றால் கிட்டின் பதிப்பு பழையது, புதுப்பியுங்கள். அதுவும் சரிவராவிட்டால்தான் டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கொடுக்கும் குறியீடு) எடுக்கும் வேலைக்குப் போக வேண்டும்.

### 403, கூடவே வேறு யாருடையவோ பெயர்

403 என்றால் அனுமதி இல்லை. இது வகுப்பறைக் கணினிகளில் மட்டும் வரும் பழுது. போன அணியில் அந்தக் கதிரையில் இருந்த பிள்ளையின் கணக்கு இன்னும் கணினிக்குள் இருக்கிறது. விண்டோஸின் கிரெடென்ஷியல் மனேஜரைத் திறந்து, கிட்ஹப் என்று வரும் பதிவை அழித்துவிட்டுத் திரும்ப புஷ் பண்ணச் சொல்லுங்கள்.

இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொன்றும் உண்டு. புஷ் போய்விடும், ஆனால் கொமிட்டில் முந்திய பிள்ளையின் பெயர் நிற்கும். “கிட் கொன்ஃபிக் யூசர்.நேம்” கொடுத்துப் பாருங்கள். பலர் பாவிக்கும் கணினியில் குளோபல் என்ற சொல்லை விட்டுவிட்டு, அந்த ரெப்போவுக்குள் மட்டும் பெயரையும் மின்னஞ்சலையும் வைப்பது நல்லது. மின்னஞ்சல் கிட்ஹப்பில் கொடுத்ததாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொமிட் கணக்கோடு சேராது, “நான் ஒன்றும் செய்யேல்லை எண்டு காட்டுது” என்று அடுத்த கிழமை ஒரு முறைப்பாடு வரும்.

### பெயரும் சரி, ஆனாலும் 403, அல்லது “ரெப்போசிட்டரி நொட் ஃபவுண்ட்”

பெரும்பாலும் அழைப்பை ஏற்கவில்லை. கூட்டாளியாகச் சேர்க்கும்போது கிட்ஹப் ஒரு மின்னஞ்சல் அனுப்பும், பிள்ளைகள் மின்னஞ்சலே திறப்பதில்லை. அழைப்பு ஏழு நாளில் காலாவதியாகும். ஒரு சனிக்கிழமை அனுப்பி அடுத்த சனிக்கிழமை பார்த்தால் போய்விட்டிருக்கும், திரும்ப அனுப்ப வேண்டியதுதான். இதை இப்போது வகுப்பில் எல்லோரும் இருக்கும்போதே செய்விக்கிறேன்.

### “ரிஜெக்டட்”, கீழே “ஃபெட்ச் ஃபர்ஸ்ட்”

குழுவில் வேறொருவர் முந்திவிட்டார். புல் பண்ணி (இணையத்தில் புதிதாக உள்ளதை இறக்கி), பிறகு புஷ். புல் பண்ணும்போது எந்த முறையில் சேர்ப்பது என்று கேட்டு நின்றால், புதியவர்களுக்கு மேர்ஜ் (இரண்டையும் இணைப்பது) போதும். “புல்.ரீபேஸ்” என்ற அமைப்பை ஃபோல்ஸ் ஆக்கிவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் யாராவது ஒரு பிள்ளை தேடிப்பார்த்து “ஃபோர்ஸ் எண்டு போட்டால் போகுமாம்” என்று கண்டுபிடித்துக்கொண்டு வரும். போகும்தான், மற்றவனுடைய வேலையின் மேலால் போகும். மெயின் பிராஞ்சுக்கு (பிராஞ்ச் என்பது வேலையின் தனிக் கிளை, எல்லாம் கடைசியில் சேருவது மெயினில்) பாதுகாப்பு விதி போட்டு இதை முதல் நாளே அடையுங்கள். இலவசக் கணக்கில் அந்த விதி பொது ரெப்போவுக்கு மட்டும்தான் வேலை செய்யும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

### மெயின் என்று ஒன்றே இல்லை என்கிறது

“கிட் பிராஞ்ச்” கொடுங்கள். ஒன்றும் வராவிட்டால் இன்னும் ஒரு கொமிட் கூட இல்லை. மாஸ்டர் என்று வந்தால் பெயர்தான் வித்தியாசம். கிட்ஹப் 2020 ஒக்டோபரில் புதிய ரெப்போக்களுக்கு மெயின் என்று மாற்றிவிட்டது, கணினியிலுள்ள கிட் இன்னும் மாஸ்டர் என்று தொடங்கியிருக்கலாம். பிராஞ்சின் பெயரை மாற்றிவிட்டால் சரி.

### கோப்பு பெரிதாம்

100 எம்பீக்கு மேற்பட்ட கோப்பை கிட்ஹப் வாங்காது, 50 தாண்டினாலே எச்சரிக்கும். யாரோ பஸ்ஸில் எடுத்த வீடியோவையும் சேர்த்திருப்பார்கள். அதை அழித்து இன்னொரு கொமிட் போட்டால் தீராது, பழைய கொமிட்டில் அது அப்படியே இருக்கிறது. கடைசிக் கொமிட்டில்தான் சேர்ந்தது என்றால் அந்தக் கொமிட்டை சொஃப்ட் ரீசெட் பண்ணி (கோப்புகளைத் தொடாமல் கொமிட்டை மட்டும் அவிழ்த்து), வீடியோவை எடுத்துவிட்டுத் திரும்பக் கொமிட் பண்ணலாம். நாலைந்து கொமிட்டுக்கு முந்தி என்றால் வரலாற்றைத் திருத்தும் கருவிகளைப் புதியவர்களிடம் கொடுக்காதீர்கள். மெயினிலிருந்து புது பிராஞ்ச் எடுத்து, தேவையான கோப்புகளை மட்டும் பிரதிபண்ணி ஒரே கொமிட்டாகப் போடுங்கள். வடிவான வழி இல்லைதான், ஆனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

## “ஒரு வரிதான் மாத்தினனான், முழுக் கோப்பும் சிவப்பும் பச்சையுமாக் கிடக்கு”

ரிவியூ பண்ணுபவர் 400 வரியைப் பார்த்துவிட்டு “ஓகே” போடுவதற்கு இதுதான் முதல் சாட்டு. ஆகவே ஆளைப் பேசுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

பீஆரின் (புல் ரிக்குவெஸ்ட், தன் மாற்றத்தை மெயினில் சேர்க்கச் சொல்லிக் கேட்பது) மாற்றங்கள் பக்கத்தில் பற்சக்கர அடையாளத்தை அழுத்தினால் வெற்றிடங்களை மறைக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டதும் வண்ணமெல்லாம் போய் ஒரு வரி மட்டும் மிஞ்சினால், காரணம் வெற்றிடமும் வரி முடிவும்தான். ஒருவர் விண்டோஸ், மற்றவர் லினக்ஸ் அல்லது மக் என்றால் வரி முடிவுக் குறி வித்தியாசப்படும். ரெப்போவில் “.கிட்அட்ரிபியூட்ஸ்” கோப்பில் நட்சத்திரக் குறி போட்டு “டெக்ஸ்ட்=ஓட்டோ” என்று ஒரு வரி வைத்து, “கிட் அட்” கட்டளையை ரீநோர்மலைஸ் தெரிவோடு ஒரு தடவை ஓட்டிக் கொமிட் பண்ணினால் முடிந்தது. அந்த ஒரு கொமிட் பெரிதாகத்தான் இருக்கும், அதைத் தனிப் பீஆராகப் போடுங்கள்.

மறைத்த பிறகும் வண்ணம் நிறைய நின்றால், ஒருவருடைய வீஎஸ் கோட்டில் (கோட் எழுதும் செயலி) சேமிக்கும்போதே ஒழுங்குபடுத்தும் நீட்சி வேலை செய்கிறது, மற்றவருடையதில் இல்லை. யாருடையது சரி என்ற வாதத்துக்குள் போக வேண்டாம். எல்லோரும் ஒரே அமைப்புக் கோப்பை ரெப்போவுக்குள் வைத்துப் பாவிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம்: நண்பியின் பிராஞ்சில் நின்றுகொண்டு தன் பிராஞ்சைத் திறந்திருப்பார். பீஆரின் கொமிட் பட்டியலைப் பாருங்கள். வேறொருவரின் பெயர் அங்கே நின்றால் அதுதான். மெயினிலிருந்து புது பிராஞ்ச் எடுத்து, தன்னுடைய கொமிட்டை மட்டும் செரி-பிக் பண்ணச் சொல்லுங்கள்.

## “தமிழ் வருகுதில்லை”

இந்தப் பழுதை ஆங்கிலப் பாடங்கள் எதிலும் காணமாட்டீர்கள். எங்கள் வகுப்பில் அணிக்கு இரண்டு தடவையாவது வருகிறது.

டிஃப்பில் (மாறிய வரிகளைக் காட்டும் பார்வை) தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினியில் தட்டியிருக்கிறார்கள். அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பழகிய கை யுனிகோடுக்கு மாறவில்லை. பாமினியில் “தமிழ்” என்பது உண்மையில் நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும்தான், எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. கிட்ஹப்பில் அந்த எழுத்துரு இல்லை. யுனிகோடுக்கு மாற்றித் திரும்பக் கொமிட் பண்ண வேண்டும். மாற்றியிலிருந்து வந்ததை ஒரு தடவை கண்ணால் வாசித்துப் பார்ப்பது கட்டாயம்.

கோப்பின் பெயர் எண்களாக வருகிறது. “கிட் ஸ்டேட்டஸ்” தமிழ்ப் பெயரைச் சாய்கோடும் 340, 256 என்ற எண்களுமாகக் காட்டும். பிள்ளை பயந்துவிடும், ஆனால் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. “கோர்.கோட்பாத்” என்ற அமைப்பை ஃபோல்ஸ் ஆக்குங்கள், பெயர் தமிழில் வரும்.

டிஃப் காட்டாமல் “பைனரி” என்கிறது. பழைய நோட்பாடில் “யுனிகோட்” என்று தெரிவு பண்ணிச் சேமித்தால் அது யூடிஎஃப்-16. கிட் அதைப் படம், வீடியோ போன்ற ஒன்றாக எண்ணிவிடும். யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் சரி. வேர்ட் கோப்பைச் சேர்த்திருந்தாலும் இதே அறிகுறிதான். அதற்கு மருந்து இல்லை, வேர்ட் கோப்பை வரிவரியாக ரிவியூ பண்ண முடியாது.

## “கொன்ஃபிளிக்ட் வந்திட்டுது”

பிள்ளைகள் இந்தச் சொல்லைச் சொல்லும் குரலைக் கேட்டால் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது போலிருக்கும். அதனால் இரண்டாம் வகுப்பிலேயே வேண்டுமென்று ஒன்றை உண்டாக்கிக் காட்டுகிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே வேலை: பட்டியலில் வெள்ளவத்தையின் ஆங்கில எழுத்தைச் சரிபாருங்கள். ஒருவர் கடைசி எழுத்தை ‘ஈ’ என்று போடுவார், மற்றவர் ‘ஏ’ என்று போடுவார், இரண்டும் காலி வீதிப் பெயர்ப்பலகைகளில் கிடைக்கும். இரண்டாவதாக மேர்ஜ் பண்ணுபவருக்குக் கொன்ஃபிளிக்ட் வரும். ஆட்கள் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயத்தில் கிட் தானாக முடிவெடுக்காமல் நின்றது என்பது அப்போது விளங்கும்.

உண்மையாகவே வந்தால், வரிசை இது.

முதலில், இப்போது தீர்க்க நேரம் இருக்கிறதா? வகுப்பு முடிய ஐந்து நிமிடம் என்றால் “கிட் மேர்ஜ்” கட்டளையை அபோர்ட் தெரிவோடு கொடுத்து முந்திய நிலைக்குப் போங்கள். ஒன்றும் கெடாது. அரைகுறையாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுதான் கெடுதி.

நேரம் இருந்தால் கோப்பைத் திறந்து, ஏழு “<” குறிகளுக்கும் ஏழு “=” குறிகளுக்கும் நடுவில் இருப்பது என்னுடையது, “=” குறிகளிலிருந்து ஏழு “>” குறிகள் வரை இருப்பது வந்து சேர்வது என்று விரலால் தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதன் பிறகு மற்றப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துங்கள். “ரெண்டையும் வைச்சால் என்ன?” என்று தனியாக முடிவெடுக்க விட்டால் பட்டியலில் வெள்ளவத்தை இரண்டு தடவை வரும். வந்திருக்கிறது.

குறிகளை அழித்த பிறகு “கிட் டிஃப்” கட்டளையை செக் தெரிவோடு கொடுத்தால் மறந்துபோய் நிற்கும் குறிகளைக் காட்டித்தரும். அப்புறம் பக்கத்தை உலாவியில் திறந்து பாருங்கள். பிறகுதான் கொமிட். கொமிட் மெசேஜ் கேட்டு வெற்றுத் திரை வந்து எதுவும் நகரவில்லை என்றால் அது விம் என்ற எழுதும் கருவி. எஸ்கேப், முக்காற்புள்ளி, டபிள்யூ, கியூ, என்டர்.

நீங்களே தலையிட வேண்டிய இடம் இரண்டு. நிறுவிய பொதிகளின் பதிவுக் கோப்பில், அதாவது பக்கேஜ்-லொக் கோப்பில் கொன்ஃபிளிக்ட் வந்தால் கையால் தீர்க்க விடாதீர்கள். ஒரு பக்கத்தை அப்படியே எடுத்து, நிறுவும் கட்டளையைத் திரும்ப ஓட்டுங்கள். படத்தில் வந்தால் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வதைத் தவிர வழியில்லை.

## “கொமெண்ட் போட்டனான், அவளுக்குக் காட்டுதில்லை”

ஆளுக்கு ஆள் கோபித்துக்கொள்ளும் அளவுக்குப் போகும் பழுது, தீர்வு ஒரே ஒரு பொத்தான். ரிவியூவைத் தொடங்கிக் கொமெண்ட்களை எழுதியவர் கடைசியில் “சப்மிட் ரிவியூ” அழுத்தவில்லை. பக்கத்தில் மஞ்சளாக “பெண்டிங்” என்று நிற்கும். அது எழுதியவரின் கண்ணுக்கு மட்டும் தெரியும். ஒரு தடவை ஒரு பிள்ளை பதினொரு கொமெண்ட் எழுதிவிட்டு, தன்னை மதித்து யாரும் பதில் போடவில்லை என்று இரண்டு கிழமை பேசாமல் இருந்தது.

கொமெண்ட் போயிருக்கிறது ஆனால் மடிந்து கிடக்கிறது என்றால், அது சொன்ன வரி பிறகு மாறியிருக்கிறது. “அவுட்டேட்டட்” என்று இருப்பதை விரித்தால் தெரியும்.

அப்ரூவ் (ஒப்புதல்) பொத்தானை அழுத்த முடியவில்லை என்றால், அது அவருடைய சொந்தப் பீஆர். தன் பீஆரைத் தானே அப்ரூவ் பண்ண கிட்ஹப் விடாது. அப்ரூவ் பண்ணியும் மேர்ஜ் திறக்கவில்லை, சரி அடையாளம் பச்சையாக இல்லாமல் சாம்பலாக இருக்கிறது என்றால் ரிவியூ பண்ணியவருக்கு ரெப்போவில் எழுதும் உரிமை இல்லை. மேலே சொன்ன ஏழு நாள் அழைப்பைப் பாருங்கள்.

## “எல்லாம் ஓகே அக்கா”

எந்தச் சிவப்பு எழுத்தும் வராது. பீஆர்கள் வரிசையாக மேர்ஜ் ஆகும். வகுப்பு நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சோதனை சுலபம். பீஆர் திறந்த நேரத்தையும் அப்ரூவ் பண்ணிய நேரத்தையும் பாருங்கள். 200 வரிக்கு ஒரு நிமிடம் என்றால் வாசிக்கவில்லை. அல்லது ரிவியூ பண்ணியவரைக் கூப்பிட்டு, திரையைப் பார்க்காமல் “இதில என்ன மாறியிருக்கு?” என்று கேளுங்கள்.

காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்.

பீஆர் பெரிது. ஒரு கிழமை வேலையை ஒரே தடவையில் கொட்டியிருந்தால் பழகியவர்களே வாசிக்கமாட்டார்கள். என் வகுப்பில் 60 வரிக்கு மேல் என்றால் உடைத்துக்கொண்டு வர வேண்டும். அந்த எண் நானாக வைத்தது, ஒரு திரையும் கொஞ்சமும்.

என்ன பார்ப்பது என்று தெரியாது. “ரிவியூ பண்ணு” என்று மட்டும் சொன்னால் புதியவர் எழுத்துப்பிழை தேடுவார். மூன்று கேள்வியைப் பலகையில் எழுதிவையுங்கள்: உன் கணினியில் பிராஞ்சை எடுத்து ஓட்டிப் பார்த்தாயா? விளங்காத வரி எது? தரிப்பிடம் ஒன்றும் இல்லாமல் பட்டியல் வெறுமையாக இருந்தால் பக்கம் என்ன செய்யும்? முதலாவது மட்டும் நடந்தாலே பாதி வெற்றி.

மொழி. கொமெண்ட் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் தாங்களாகவே நினைத்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் இரண்டு வசனம் எழுதப் பயந்து “ஓகே” என்று முடித்துவிடுவார்கள். எங்கள் குழுக்களில் தமிழிலேயே எழுதச் சொல்கிறேன். சிங்களம் பேசும் பிள்ளைகளும் சேர்ந்த குழு என்றால் முதலில் வாயால் கதைத்து, அதன் சாரத்தை எளிய ஆங்கிலத்தில் ஒரு வரியாக எழுதுவார்கள். வேலைக்குப் போனால் ஆங்கிலம் வேண்டும்தானே என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். வேண்டும்தான். ஆனால் முதலில் சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

பயம். கடைசியாக வைத்ததற்குக் காரணம், இதைத் திருத்தத்தான் ஆகக் கூட நேரம் எடுக்கும். இதை நான் கண்டுபிடித்தது தற்செயலாக. ஒரு பீஆரில் தரிப்பிட வரிசையை நானே தட்டும்போது வெள்ளவத்தைக்குப் பிறகு கல்கிசை, அதற்குப் பிறகு தெஹிவளை என்று மாற்றிப் போட்டுவிட்டேன். வகுப்பில் மூன்று பேர் தெஹிவளையிலிருந்து தினமும் அதே பஸ்ஸில் வருபவர்கள். நாலு அப்ரூவ் விழுந்தது. பிறகு கேட்டபோது ஒரு பிள்ளை மெல்லச் சொன்னது: “பிழை எண்டு தெரியும். அக்கா போட்டதெண்டபடியால் காரணம் இருக்கும் எண்டு நினைச்சனான்.”

பெரியவரின் பிழையை எழுத்தில், எல்லோரும் பார்க்க, சுட்டிக்காட்டு என்று கேட்கிறோம். பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வருடம் பழகியது அதற்கு நேர் எதிர். “பயப்படாதே” என்று சொல்லி அது போகாது. எனக்கு வேலை செய்தவை இவை:

முதல் ரிவியூ எப்போதும் என்னுடைய பீஆருக்குத்தான். அதில் மூன்று பிழை ஒளித்திருக்கிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவேன். இப்போது பிழை சொல்வது மரியாதைக் குறைவு அல்ல, விளையாட்டு. நாலாவது பிழையை யாராவது கண்டுபிடித்தால் அன்றைய வடை என் செலவு. இரண்டு தடவை கொடுத்திருக்கிறேன், இரண்டும் நான் ஒளிக்காத பிழைகள்.

அப்ரூவ் பண்ணுவதற்கு முன் குறைந்தது ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். பிழை சொல்லத் தயங்கும் பிள்ளைக்குக் கூட “இது ஏன் இங்கே வருகிறது?” என்று கேட்கக் கை வரும். பாதிக் கேள்விகளுக்குப் பதில் எழுதப் போகும்போது எழுதியவருக்கே தன் பிழை தெரிந்துவிடும்.

சோடிகளை மாற்றிக்கொண்டிருங்கள். ஒரே வீதியில், ஒரே டியூஷனில் வளர்ந்த இருவரை ஒருவருக்கொருவர் ரிவியூ பண்ண விட்டால் பருவம் முடியும் வரை “ஓகே” தான்.

ஆறு கிழமை கடந்தும் ஒரு பிள்ளை ஒரு கொமெண்ட் கூட எழுதவில்லை என்றால் ரிவியூவை விட்டுவிட்டுத் தனியே இருத்திக் கதையுங்கள். கோடே விளங்காமல் இருக்கலாம், அப்போது அடிப்படை வகுப்புக்குத்தான் அனுப்ப வேண்டும். கண் பரிசோதனைக்கு அனுப்பிய பிள்ளையும் உண்டு, பின்வரிசையிலிருந்து திரையின் வண்ணம் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்களுக்கு கிட்ஹப்பில் நிறக்குருடுக்கான தீம் இருக்கிறது.

## “அவன் என்னைக் கேவலப்படுத்திப்போட்டான்”

கொமெண்ட்டை முதலில் நீங்கள் வாசியுங்கள். பெரும்பாலும் குற்றம் ஒரு ‘நீ’யில் இருக்கும். “நீ ஏன் இப்படிச் செய்தனீ?” என்பதையும் “இந்த வரி வெறும் பட்டியல் வந்தால் நின்றுவிடுமே?” என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். வசனத்தின் எழுவாய் ஆளாக இல்லாமல் வரியாக இருக்க வேண்டும். சின்ன விஷயம் என்றால் “சின்ன விஷயம்:” என்றே தொடங்கட்டும்.

ஒரே கொமெண்ட்டின் கீழ் மூன்றாவது பதிலும் போய்விட்டால் தட்டுவதை நிறுத்தி இருவரையும் ஒரு திரைக்கு முன் இருத்துங்கள். முடிவை மட்டும் பிறகு எழுதலாம்.

மொழி, சமயம், ஊர், பெண்பிள்ளை என்று கொமெண்ட் ஆளைத் தொட்டால் அது கோட் ரிவியூ விஷயமே அல்ல. திரைப்பிரதி எடுத்து வைத்துக்கொண்டு நிலையத்தின் பொறுப்பாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

## “செய்ததெல்லாம் காணேல்லை”

கொமிட் பண்ணியதா? ஆம் என்றால் பயமில்லை. “கிட் பிராஞ்ச்” கொடுங்கள், வேறு பிராஞ்சில் நிற்கலாம். “டிடாச்ட் ஹெட்” (எந்தப் பிராஞ்சிலும் நிற்கவில்லை) என்று வந்தால் நிற்கும் இடத்திலேயே புது பிராஞ்ச் ஒன்று உண்டாக்குங்கள். அதுவும் இல்லாவிட்டால் “கிட் ரிஃப்லொக்”, அதாவது எந்தெந்தக் கொமிட்டில் நின்றோம் என்ற பதிவு. பிராஞ்சே அழிந்திருந்தாலும் அதன் கொமிட்டின் தடம் வழமையான அமைப்பில் குறைந்தது 30 நாள் அங்கே இருக்கும்.

கொமிட் பண்ணவில்லை என்றால் “கிட் ஸ்டாஷ் லிஸ்ட்” (ஒதுக்கிவைத்த மாற்றங்களின் பட்டியல்) பாருங்கள், பிறகு வீஎஸ் கோட்டின் டைம்லைன். சேமித்த பிரதிகள் அதில் கிடைக்கலாம். அங்கும் இல்லை என்றால் இல்லைதான்.

மின்வெட்டுக்குப் பிறகு “ஒப்ஜெக்ட் ஃபைல் இஸ் எம்ப்டி” என்று வந்தால், கிட்டின் உள்கோப்பு ஒன்று எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் போயிருக்கிறது. 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்த நாட்களில் இதை நிறையப் பார்த்தோம். பழைய கோப்புறையைத் தொடாமல் வேறு பெயர் கொடுத்து வையுங்கள், புதிதாக கிளோன் பண்ணுங்கள், மாற்றிய கோப்புகளைப் பழையதிலிருந்து பிரதிபண்ணுங்கள். அதே கணினியில் மின்வெட்டு இல்லாமலே இது திரும்ப வந்தால் வன்தட்டு போகிறது. அதற்கு கிட் தெரிந்த ஆள் உதவமாட்டார். கணினியை அணைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

## “சாவியையும் சேர்த்துப் புஷ் பண்ணிப்போட்டன்”

ஏபிஐ சாவி (வெளிச் சேவை ஒன்றைப் பாவிக்கக் கொடுக்கும் இரகசியக் குறியீடு), தரவுத்தளக் கடவுச்சொல், அல்லது பிள்ளைகளின் அடையாள அட்டை இலக்கம் உள்ள வரவுப் பட்டியல். இந்த ஒன்றில் மட்டும் மலிவான காரணம் தேட நேரம் இல்லை.

கோப்பை அழித்துப் புதுக் கொமிட் போட்டால் பழைய கொமிட்டில் அது அப்படியே இருக்கும். சாவி என்றால் முதலில் அதைக் கொடுத்த சேவைக்குப் போய் அதை இரத்துச் செய்து புதியது எடுங்கள். ரெப்போவைச் சுத்தம் பண்ணுவது அதற்குப் பிறகு. பொது ரெப்போ என்றால் யாரோ எடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வரலாற்றைத் திருத்தும் வேலையை வகுப்பில் செய்துபார்க்க வேண்டாம். ஃபோர்க்குகளிலும் (மற்றவர்கள் தங்கள் கணக்கில் எடுத்த பிரதிகள்) பழைய பீஆர் பக்கங்களிலும் அது தங்கியிருக்கும், ரெப்போவின் உரிமையாளர் கிட்ஹப்பின் உதவிப் பிரிவோடு சேர்ந்து செய்ய வேண்டியது அது. அடையாள அட்டை இலக்கம் போன்றவற்றை இரத்துச் செய்ய முடியாது என்பதால் ரெப்போவை உடனே தனிப்பட்டதாக மாற்றிவிட்டு உரிமையாளருக்கு அழையுங்கள். என்ன வெளியே போனது, எத்தனை மணிக்கு புஷ் ஆனது, ரெப்போ அப்போது பொதுவாக இருந்ததா, யார் யார் கிளோன் பண்ணியிருக்கிறார்கள் என்ற நாலையும் எழுதி அனுப்புங்கள். யார் புஷ் பண்ணியது என்பதை அவர் கேட்டால் மட்டும் சொல்லலாம்.